'ஈ' என்று கேட்பதா, 'தா' என்று கேட்பதா: கேட்கத் தயங்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 6 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வேலை இரு மடங்கான பிறகும் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்க முடியவில்லை. தோழி ஒருத்திக்குக் கடனாகக் கொடுத்த 40,000 ரூபாயைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் பங்கெடுக்கும்படி அண்ணனிடமும் கேட்க முடியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்றுதான் போகிறேன், நா எழுவதில்லை, வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். மற்றவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 22 ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், கேட்க வந்தவர்கள் பல நூறு பேரை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் நடுக்கம் இல்லாமல் கேட்டவர்கள் மிகச் சிலரே. குரல் கம்மியவர்கள், கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே பேசியவர்கள், எழுதி வந்த தாளை மடியில் வைத்துப் படித்தவர்கள் ஆகியோர்தான் மிகுதி. ஆகவே உங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று மற்றவர்களிடம் இருப்பதாக எண்ண வேண்டாம். அவர்கள் பயத்தோடு கேட்டார்கள். நீங்கள் பயம் தீர்ந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்கிறீர்கள்.

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சான்று ஒன்று உண்டு. அதிகாரத்துக்கு மனிதர் எந்த அளவுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்ற சோதனைகளால் உலகறிந்த உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்கு ஒரு சிறு பணியைக் கொடுத்தார். சுரங்க ரயிலில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சென்று, எந்தக் காரணமும் சொல்லாமல், 'உங்கள் இருக்கையை எனக்குத் தருவீர்களா?' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். மாணவர்கள் பின்வாங்கினார்கள். துணிந்து சென்ற ஒருவர் 20 பேரிடம் கேட்பதாகப் போய் 14 பேரோடு நிறுத்திக்கொண்டு திரும்பி, தம் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான செயல்களுள் அது ஒன்று என்றார். இதில் என்ன கடினம் என்று மில்கிராம் தாமே ரயில் ஏறினார். ஒருவர் அருகில் போய் நின்றதும் சொற்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டன, பின்வாங்கினார், தம்மையே கடிந்துகொண்டு மீண்டும் முயன்ற பிறகுதான் திணறித் திணறிக் கேட்டார். அந்த மனிதர் உடனே எழுந்து இடம் கொடுத்துவிட்டார். உட்கார்ந்த மில்கிராமோ, கேட்டதற்குத் தக்க நோயாளியைப் போலத் தோன்ற வேண்டும் என்ற உந்துதலில் தலையைத் தொங்கவிட்டு, முகம் வெளிறி, உயிரே போய்விடும் போல உணர்ந்ததாகப் பின்னர் விவரித்தார். அடுத்த நிலையத்தில் இறங்கியதும் அந்த இறுக்கம் முழுவதும் நீங்கிவிட்டது.

அந்தச் சோதனையில் காரணம் சொல்லாமல் கேட்டபோது சுமார் 68 விழுக்காட்டினர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். 'நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை' என்ற நொண்டிக் காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது அது சுமார் 42 விழுக்காடாகக் குறைந்தது. வலுவில்லாத காரணத்தைச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் கேட்பதே பயன் தந்திருக்கிறது. இதைச் சம்பளப் பேச்சுக்கு வரும்போது மீண்டும் சொல்வேன்.

இப்போது நம் மொழிக்கு வருகிறேன். உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கே இருப்பதாக நான் கருதுகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், எச்சவியலில், கேட்டுப் பெறுவதற்குரிய சொற்கள் மூன்று என்று வகுத்திருக்கிறார்கள்: 'ஈ', 'தா', 'கொடு'. 'ஈ' என்பது தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும் சொல். 'தா' என்பது ஒத்தவனிடம் கேட்கும் சொல். 'கொடு' என்பது உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும் சொல். பேச்சு வழக்கில் இந்த வேறுபாடு மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டாலும், மனத்துக்குள் அது மறையவில்லை. நீங்கள் மேலாளரின் அறை வாசலில் நிற்கும்போது வாய் 'தாருங்கள்' என்று சொல்ல முயல்கிறது; மனம் 'ஈயுங்கள்' என்று கை நீட்டி நிற்கிறது. ஆறு ஆண்டுகள் உழைத்ததற்கான ஊதியத்தை, கொடுத்த கடனை, இருவருக்கும் பொதுவான தாயின் பராமரிப்பை நீங்கள் இரவலர் நிலையில் நின்று கேட்க முற்படுகிறீர்கள். நா எழாமல் இருப்பதில் வியப்பில்லை.

நம் வளர்ப்பிலும் இதற்கு வேர் உண்டு. திருக்குறளில் 106ஆம் அதிகாரம் 'இரவு', அதாவது இரத்தல்; 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்', அதாவது இரப்பதற்கு அஞ்சுதல். கண் போன்றவரிடத்திலும் இரவாமல் இருப்பது கோடி பெறும் என்ற இரவச்சத்தின் கருத்தையே வீடுகளில் சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தார்கள். அதற்கு முந்திய அதிகாரம், கேட்கத் தக்கவரைக் கண்டால் கேள், அவர் இல்லையென்று மறைத்தால் பழி அவருடையதே தவிர உன்னுடையது அன்று என்று தொடங்குவதை யாரும் நமக்கு அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. மேலும் அந்த இரண்டு அதிகாரங்களும் வறுமையால் இரப்பதைப் பற்றியவை. உழைத்தவர் கூலி கேட்பதைப் பற்றியவை அல்ல. 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்ற பழமொழியும் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் கேட்பது என்றால் அழுவது என்று அது நம் காதில் போட்டுவிட்டது. பெண் பிள்ளைகளிடம் இது கூடுதலாகவே வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுவதும் 2005லும் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்கள் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கைக் கொடுத்த பிறகும், பிறந்த வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும் என்று அஞ்சிப் பாகம் கேட்காத பெண்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் உறவிலேயே எண்ணிப் பார்க்கலாம். சட்டம் 'தா' என்று கேட்கச் சொல்லும் இடத்திலும் நாவில் வருவது 'ஈ' என்பதாகவே இருக்கிறது.

கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எதிரில் இருப்பவருக்கும் தாட்சண்யம் உண்டு. பிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களிடம் வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தரும்படி கேட்க மாணவர்களை அனுப்பினார்கள். 5 பேர் இசைவதற்கு எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, சுமார் 20 பேரிடம் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் 10, 11 பேரே போதுமானதாக இருந்தது. கேட்பவர் தமக்குள்ள கூச்சத்தை மட்டுமே எண்ணுகிறார். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது மற்றவருக்கு எவ்வளவு கூச்சம் தரும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதில் ஒரு கடமையும் இருக்கிறது. மறுப்பது கடினம் என்று தெரிந்த பிறகு, நமக்கு உரிமையில்லாத உதவிகளைக் கேட்கும்போது மற்றவர் மறுப்பதற்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கேட்பதே பண்பு. உங்களுடைய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

சம்பளத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அது நான் அறிந்த களம். முதலில், குறிப்பாலும் ஜாடையாலும் கேட்பதை விட்டுவிடுங்கள். என்னிடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு வாரம் முழுவதும் மாலையில் ஏதாவது கோப்போடு வந்து நிற்பார்; பேருந்துக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார்; மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பார்; போய்விடுவார். மறு வாரம் விலகல் கடிதம் கொடுத்தார். கூப்பிட்டு விசாரித்தபோதுதான் அவர் வேண்டியது பணிநேர மாற்றம் என்று தெரிந்தது. நான் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்திருக்கக் கூடிய ஒன்று அது. அதற்குள் அவர் வேறிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். ஜாடையைப் புரிந்துகொள்ளாதது என் குறை என்று அன்று வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். ஆயினும் மேசையின் இந்தப் பக்கத்தில் இருப்பவர் முன் ஒரே நாளில் முப்பது விவகாரங்கள் கிடக்கும் என்பதையும், சொல்லப்படாத முப்பத்தோராவது விவகாரம் அவர் கண்ணில் படாது என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

அடுத்தது காலம். பெரும்பாலான நிறுவனங்களில் ஏப்ரல் மாதத்தில் நடைமுறைக்கு வரும் ஊதிய உயர்வு, அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொகையாக ஒதுக்கப்பட்டுவிடுகிறது. கையில் கடிதம் வந்த பிறகு கேட்டால், மேலாளர் விரும்பினாலும் கொடுக்கப் பணம் இருக்காது. ஆகவே ஜனவரியில் கேளுங்கள். மாதத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வருமான வரி, 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு என்று ஓடும் நாட்களில் யாருடைய காதும் திறந்திருக்காது. 22ஆம் தேதிக்குப் பிறகு, முன்கூட்டியே '15 நிமிடம் தனியாகப் பேச வேண்டும், என் சம்பளம் பற்றி' என்று பொருளையும் சொல்லி நேரம் வாங்குங்கள். பொருளைச் சொல்லி நேரம் வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: உள்ளே போன பிறகு வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது.

பிறகு, சொல்லும் சொல். வீட்டு வாடகை கூடிவிட்டது, குழந்தையின் பள்ளிக் கட்டணம் உயர்ந்துவிட்டது என்று தொடங்காதீர்கள். அவை உண்மையே, ஆனாலும் அவை உங்களை மீண்டும் 'ஈ' என்ற நிலைக்கு இழுத்துச் செல்லும். ரயிலில் நொண்டிக் காரணம் சொன்னவர்களுக்கு நேர்ந்ததும் இங்கே நேரும்: எதிரில் இருப்பவர் உங்கள் கோரிக்கையை விட்டுவிட்டு உங்கள் காரணத்தை எடைபோடத் தொடங்கிவிடுவார். வேலையைச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி: 'ஐயா, நான் சேர்ந்தபோது விற்பனைப் பட்டியல்களைப் பதிவது மட்டுமே என் பணி. இப்போது மாத ஜிஎஸ்டி தாக்கல் இரண்டையும் நானே செய்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மாதம்கூடத் தாமதக் கட்டணம் கட்ட நேரவில்லை. இதற்கேற்ப என் சம்பளத்தை 28,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாக உயர்த்தும்படி கேட்கிறேன்.' தொகை உங்கள் ஊரின், உங்கள் துறையின் நிலவரத்தைப் பொறுத்தது, விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தொகையைச் சொல்லியே ஆக வேண்டும். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்டவருக்கு ஏதாவதுதான் கிடைக்கும்.

அந்த வாக்கியம் முடிந்ததும் பேச்சை நிறுத்திவிடுங்கள். நான் பார்த்தவரையில் கேட்கத் தெரிந்தவர்களும் தடுமாறிய இடம் இதுதான். மேலாளர் நான்கு நொடி மௌனமாக இருப்பார்; அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கேட்டவரே 'இல்லையென்றால் 32,000 ஆனாலும் பரவாயில்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று தம் கோரிக்கையைத் தாமே வெட்டிவிடுவார். பல முறை, சரி என்று சொல்ல நான் வாயெடுத்த நேரத்தில் எதிரில் இருப்பவர் தாமே குறைத்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். அந்த நான்கு நொடிகளில் மேலாளர் கணக்குப் போடுகிறார். அவரைப் போட விடுங்கள்.

தொல்காப்பியத்தின் அதே பகுதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொடு' என்ற சொல் படர்க்கைக்கு, அதாவது மூன்றாமவருக்குக் கொடுப்பதற்கு உரியது. ஆயினும் ஒருவன் தன்னையே பிறன் போலக் குறித்துப் பேசும்போது அதைத் தனக்காகவும் சொல்லலாம் என்கிறது இலக்கணம். தனக்கென்று கேட்பதில் உள்ள கூச்சத்தை, தன்னைப் பிறனாக நிறுத்திக்கொண்டு கடக்கும் வழியாகவே நான் இதைப் படிக்கிறேன். இதற்கு இக்காலச் சான்றும் இருக்கிறது. எமிலி அமானதுல்லா, மைக்கேல் மோரிஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தமக்காகப் பேரம் பேசும்போது தாழ்ந்து கேட்ட பெண்கள், அதே பேரத்தை இன்னொருவருக்காகப் பேசியபோது ஆண்களுக்கு நிகராகக் கேட்டார்கள். தமக்காக உறுதியாகக் கேட்கும் பெண்ணை மற்றவர்கள் கடுமையாக மதிப்பிடுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்ததே அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது. அந்த எதிர்பார்ப்பு வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி மதிப்பிட்டவர்களோடு நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் வேலையைச் செய்யும் ஓர் இளைய பணியாளர் இருப்பதாகவும், அவருக்காக நீங்கள் மேலாளரிடம் பேசப் போவதாகவும் வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையை எழுதுங்கள். பிறகு 'அவர்' என்பதை 'நான்' என்று மாற்றுங்கள். இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்து எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்று நீங்களே காண்பீர்கள்.

'முடியாது' என்று சொல்லிவிட்டால்? அந்த அறையிலேயே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றே: 'எப்போது முடியும், அதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்?' பதிலை அவர் கண் முன்னே குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே மின்னஞ்சலில் அதை உறுதிப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மின்னஞ்சலோடு வந்தவரை நான் வெறுங்கையோடு அனுப்பியதாக நினைவில்லை. ஒரு பதிலும் சொல்லாமல் மழுப்பும் இடமாக இருந்தால், அதுவும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியே. வேறு வேலை தேடுவதற்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

உடம்பைப் பழக்குவதற்கு, பணம் அதிகம் சம்பந்தப்படாத இடங்களில் தொடங்குங்கள். பேருந்தில் நடத்துநர் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்த பாக்கிச் சில்லறையைக் கேட்காமல் இறங்கிப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். குரலை உயர்த்தாமல், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல். இன்னொரு நல்ல பள்ளிக்கூடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 6ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, தகவல் கேட்பவர் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. உங்கள் தெருவில் சாலை போட எவ்வளவு செலவானது என்று 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிப் பாருங்கள். 30 நாட்களுக்குள் ஓர் அலுவலகம் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கெஞ்சாமல், காரணம் சொல்லாமல் கேட்கும் வாக்கியம் எப்படி இருக்கும் என்பது கைக்குப் பழகிவிட்டால் நாவுக்கும் பழகும்.

அண்ணன் விவகாரத்தில் சம்பளத்தைவிட அதிகம் கலங்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. உறவில் நாம் கேட்பதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் குற்றம் சாட்டுகிறோம். 'நீங்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?' என்பது வடிவத்தில் கேள்வியாக இருந்தாலும், அதைக் கேட்கும் அண்ணனுக்கு 'இதுவரை நீங்கள் பார்க்கவில்லை' என்ற வழக்காகவே ஒலிக்கும். அவர் உடனே தம் தரப்பு நியாயங்களை எடுத்து வைப்பார். அதற்கு மாறாக ஒரே ஒரு வேலையை, நாளோடு சேர்த்துக் கேளுங்கள்: 'அண்ணா, அம்மாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். அடுத்தது 14ஆம் தேதி. இனிமேல் இதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.' பழைய கணக்கு எதையும், குறிப்பாக நகை, நிலம், படிப்புச் செலவு ஆகிய எதையும் இந்தப் பேச்சோடு கலக்காதீர்கள். அண்ணி மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அது அவர்களுக்கும் நியாயமன்று. அம்மா எதிரில் பேசவும் வேண்டாம். தாம் இரு பிள்ளைகளுக்கும் பாரமாகிவிட்டதாக அவர் எண்ண நேரும். அண்ணன் ஒரு முறை அழைத்துச் சென்று வந்தபின் அடுத்ததைக் கேட்கலாம். அவர் செய்யும் விதம் உங்கள் விதமாக இருக்காது. மருந்துச் சீட்டை மறந்து வரக்கூடும். அதைப் பொறுத்துக்கொள்வதும் கேட்டதன் ஒரு பகுதி.

தோழியின் கடனைக் கடைசியாகச் சொன்னாலும், மூன்றில் நீங்கள் முதலில் தொடங்க வேண்டியது அதுதான். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைச் சட்டப்படி கோருவதற்கு, திருப்பித் தரும் நாள் என்று எதுவும் குறிக்கப்படாதபோது, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே கால வரம்பு. அதற்குள் கடன் பெற்றவர் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். புரோநோட்டுகளை மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றி எழுதி வாங்கும் நம் ஊர் வழக்கம் இதனால் வந்ததே. நீங்கள் தோழியை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் கழியும் மாதங்கள் நட்பைக் காப்பாற்றுவதில்லை. இப்போதே அவரது அழைப்பை எடுக்கும்போது உங்கள் மனத்தில் முதலில் வருவது அந்த 40,000 ரூபாயாகத்தான் இருக்கும். அதை முழுமையாக விட்டுக்கொடுத்துவிட உங்களால் முடியுமானால் விட்டுக்கொடுங்கள். அதுவும் மதிப்புள்ள முடிவே. முடியாது என்றால் இந்த வாரம் நேரில் பார்த்து, முடியாவிட்டால் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்த கையோடு சொல்லுங்கள்: 'அன்றைக்கு வாங்கிய 40,000 ரூபாயைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே தடவையில் முடியாது என்றால் மாதம் 5,000 வீதம் எட்டு மாதத்தில் தந்துவிடு. முதல் தவணையை எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?' அவர் தேதியைச் சொன்ன பிறகு, தொகையையும் தவணையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.